பனியில் கடைசியாகக் கிடந்தவர்

எல்லோரும் சௌக்கியமா? இந்த வருடம் குளிர் சீக்கிரமே இறங்கிவிட்டது. முழங்கால்வலிக்காரர்கள் முதலில் காலைப் போர்த்திக்கொண்டு அப்புறம் படியுங்கள், நான் ஓடிப்போய்விட மாட்டேன். எனக்கு ஒரு கண் மங்கல், மற்றபடி குறையொன்றும் இல்லை.

போன வாரம் டிவியில் ஒரு பழைய வாள்சண்டைப் படம் போட்டார்கள். கறுப்பு வெள்ளை. மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே, "கடைசில மூடுபனிக்குள்ள ஒரு ஆளு தனியா செத்துக் கெடக்கறாரே, நெசப் பொணம் மாதிரியே இருந்துச்சுங்க. யாருங்க அது?" என்று கேட்டாள். பெயர் போடும்போது தேடிப் பார்த்தாளாம், இல்லையாம். இருக்காது. அவர் பெயர் புன்சோ. அன்றைக்கு அவருக்குக் கிமோனோ உடுத்திவிட்டவள் நான். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் அவள் வீட்டில் போன் அடித்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கியோட்டோவில் உஸுமாசா பக்கம் அப்போது ட்ராமில் ஏறினால் பாதிப் பேர் சாமுராய். குடுமி விக்கோடும் இடுப்பில் மூங்கில் வாளோடும் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே ஒரு ஸ்டூடியோவில் துணிமணிப் பகுதியில் எனக்கு வேலை. வயது முப்பத்துநாலு. கல்யாணம் ஆகவில்லை. ஒரு டோஃபு கடைக்கு மேலே வாடகை அறை. விடிவதற்கு முன்பே கீழே சோயா வேகும் வாசனை வந்து எழுப்பிவிடும், கடிகாரமே தேவையில்லை.

புன்சோவின் வேலை வெட்டுப்படுவது. கதாநாயகன் ஒரு வாளோடு முப்பது பேரைச் சாய்க்கிறான் என்றால், சாய்வதற்கு முப்பது பேர் வேண்டுமில்லையா? அதில் அவர்தான் எங்கள் ஸ்டூடியோவில் முதல்தரம். வாள் பட்டதும் முதுகு வில்லாக வளையும், கால் ஒரு சுற்றுச் சுற்றும், பூ உதிர்கிற மாதிரி விழுவார். விக்கை மாற்றிக்கொண்டு ஒரே படத்தில் மூன்று தடவைகூடச் செத்திருக்கிறார். ஆனால் விழும்போது முகம் காமிராவுக்குத் தெரியக் கூடாது. அது அந்த வேலையின் முதல் விதி. பார்க்கிறவர்கள் கண்ணில் கதாநாயகன்தான் நிற்க வேண்டும். அதனால் பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் செத்துக்கொண்டிருந்த மனிதரின் முகம் ஜப்பானில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. டைரக்டர் "கட்" சொன்னதும், வெட்டியவர்தான் வெட்டுப்பட்டவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் சரி. தூக்கிவிடாமல் போனால் அந்தச் சாவு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனாலும் கை கொடுக்காமல் யாரும் போனதில்லை.

அந்த வருடம் ஹனாவா என்ற டைரக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சீனாவில் சிப்பாயாக இருந்தவர். எங்களையெல்லாம் உட்காரவைத்துக் கதையைச் சொன்னார். ஒரு பிரபு இருக்கிறான். தன் வீரர்களில் ஒருவன்கூடப் புறமுதுகு காட்ட மாட்டான் என்று பெரிய சபையில் பெருமையடித்துவிட்டான். ஆனால் தோற்றுப்போன போரிலிருந்து ஒரு கூட்டம் உயிரோடு ஊர் திரும்பிவிடுகிறது. பிரபுவின் சொல் பொய்யாகிவிடக் கூடாதே, அதனால் எல்லையிலேயே அவர்களைச் சொந்த ஆட்களே வெட்டிப்போட்டுவிட்டு, போர்க்களத்தில் வீரமரணம் என்று ஊரில் சொல்லிவிடுகிறார்கள். வெட்டுகிறவன்தான் கதாநாயகன்.

நட்சத்திரம் கட்சுராகி விசிறியை மடக்கினார். "டைரக்டரே, நான் யாரத்தான் ஜெயிக்கறேன் இதுல?"

"யாரையும் ஜெயிக்கல. வெட்டும்போது உங்க கை நடுங்கணும். சொந்தக் கால்சட்டை விளிம்ப மிதிச்சுத் தடுக்கி விழணும்."

"நான் விழறதா? என்னப் பாக்க வர்ற பொம்பளைங்க டிக்கெட் காசத் திருப்பிக் கேப்பாங்க."

"கேக்கட்டும். நெசமா வெட்டிப் பாத்தவன் எவனும் உங்கள மாதிரி நின்னதில்ல."

கட்சுராகி மடக்கிய விசிறியை மறுபடி விரித்து வீசிக்கொண்டார். ஹனாவா எங்கள் பக்கம் திரும்பினார். "வெட்டுனவங்க போனதும் ஊர்ப் பொம்பளைங்க வந்து அவங்கவங்க ஆள எடுத்துட்டுப் போவாங்க. ஒரே ஒருத்தன எடுக்க மட்டும் யாரும் வரமாட்டாங்க. காமிரா அவன் மேலயே நிக்கும். யாரு கெடக்கறீங்க?"

தினமும் செத்துப் பிழைக்கிற முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். விழுவதில் யாருக்கும் பயமில்லை. எடுக்க ஆளில்லாமல் கிடப்பது வேறு விஷயம்.

இசோகிச்சி என்று ஒரு வாயாடி இருந்தான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "என்னால முடியாதுங்க. எங்கம்மா உசுரோட இருக்கு. இந்தப் படத்தப் பாத்துச்சுன்னா, ஏன்டா உன்ன எடுக்க எவளும் வரலன்னு கேட்டு ஊர்லருந்து கெளம்பி வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "நான் கெடக்கறேன்," என்றார் புன்சோ.

"மூஞ்சி தெரியும்," என்றார் ஹனாவா.

"சரிங்க."

"அழகா சாவக் கூடாது."

புன்சோ கொஞ்சம் யோசித்தார். "அதுதாங்க கஷ்டம். பாக்கறேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொதுக் குளியல்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் ஒண்டிக்கட்டையாக இருக்கிற மனிதர். சில நாள் வேலை முடிந்து போகும்போது சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை வாங்கி, பாதியை உடைத்து என் தையல் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். இருக்கிற தனிமை போதாதென்று படத்திலும் எதற்கு என்று தோன்றியது. கேட்க எனக்கு என்ன உரிமை இருந்தது? கேட்கவில்லை.

படப்பிடிப்பு கியோட்டோவுக்குப் பக்கத்தில் கமேயோக்காவில், அறுவடை முடிந்த வயலில். அங்கே குளிர்காலத்தில் காலை பத்துமணி வரைக்கும் மூடுபனி பால் மாதிரி நிற்கும். வெட்டுகிற காட்சியெல்லாம் எடுத்து முடித்து, கட்சுராகியும் வாள்காரர்களும் கியோட்டோவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது எடுத்துப் போகிற காட்சி மட்டும்தான். பனி விலகிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, ஆகவே ஒரு காலைக்கு ஒரு தடவைதான் எடுக்க முடியும். கம்பெனி முதலாளிக்கு இந்தக் காட்சியே பிடிக்கவில்லை. பிணம் பொறுக்குவதைக் காசு கொடுத்து எவன் பார்ப்பான் என்றாராம். இரண்டு காலைப்பொழுது தருகிறேன், அதற்குள் முடியாவிட்டால் காட்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துணை நடிகைகளையும் வேறு படத்துக்கு இழுத்துக்கொண்டார். அதனால் விக் கட்டுகிற பெண்கள், துணிமணிப் பெண்கள் என்று எங்களையே ஊர்ப் பெண்களாக நிறுத்தினார்கள். எனக்குக் கொடுத்த பிணம் இசோகிச்சி.

"மெதுவா இழுங்க அக்கா," என்றான் அவன். "நேத்து உடோன் நூடுல்ஸ் ரெண்டு கிண்ணம் சாப்ட்டேன்."

"உன்ன எடுக்கறதுக்கு ஒரு மாட்டு வண்டி வேணும்டா."

முதல் நாள் காலை, பக்கத்துக் கோயில் கூடத்தில் எல்லோரையும் உடுத்திவிட்டேன். எப்போதும் புன்சோவின் இடைக்கச்சையைப் பின்னால் நான்தான் முடிச்சுப் போடுவேன். அன்றைக்கு அவர் மூலையில் திரும்பி நின்றுகொண்டு, "நானே கட்டிக்கறேன், கினு. நீ மத்தவங்களப் பாரு," என்றார். ஆள் நிறைய இருந்தார்கள். விட்டுவிட்டேன்.

வயலில் அறுத்த நெல்தாள்மேல் உறைபனி. ஆண்கள் போய் அவரவர் இடத்தில் விழுந்து கிடந்தார்கள். விசில் கேட்டதும் நாங்கள் பனிக்குள்ளிருந்து நடந்து வந்தோம். பெண்கள் குனிந்து குனிந்து முகம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நான் புன்சோவைத் தாண்டித்தான் இசோகிச்சியிடம் போக வேண்டும். தாண்டும்போது கழுத்துப் பக்கம் கண் போனது.

கிமோனோவின் வலது மடிப்பு மேலே இருந்தது.

உயிரோடு இருக்கிறவர்களுக்கு இடது மடிப்புதான் மேலே வரும். வலதை மேலே போட்டு மூடுவது செத்தவர்களைப் பெட்டியில் வைக்கும்போது மட்டும். குழந்தைகள் தெரியாமல் அப்படிப் போட்டுக்கொண்டால் பெற்றவள் பதறிப்போய் அவிழ்த்துக் கட்டுவாள். படத்தில் சாகப்போகிறவர்களுக்கும் நாங்கள் உயிருள்ளவர்கள் மாதிரித்தான் கட்டுவோம். சண்டைக்கு வந்தவன் முன்கூட்டியே பிணம்போல உடுத்திக்கொண்டா வருவான்?

என் கை என்னைக் கேட்கவில்லை. மண்டிபோட்டேன், கச்சையைத் தளர்த்தினேன், மடிப்பைப் பிரித்து மாற்றிப் போட்டேன். என் விரல் கழுத்தில் பட்டதும் புன்சோ கண்ணைத் திறந்தார்.

"விடு," என்றார், உதடு அசையாமல்.

"மாத்திக் கட்டியிருக்கீங்க."

"விடுன்னு சொல்றேன்ல."

அதற்குள் "கட்" என்று ஒரு கத்தல். ஹனாவா வயலுக்குள் ஓடிவந்தார். "யாரு இது? அந்தப் பொணத்துக்கு நீ என்ன ஒறவு?"

"துணிமணிங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

எல்லோரும் சிரித்தார்கள். தூரத்திலிருந்து இசோகிச்சி, "டைரக்டரே, நான் இன்னும் செத்துத்தான் இருக்கணுமா? முதுகுல ஈரம் ஏறுது," என்றான். ஹனாவா மட்டும் சிரிக்கவில்லை. மலை உச்சி தெரிய ஆரம்பித்திருந்தது, பனி கலைந்துகொண்டிருந்தது. இனி இருப்பது ஒரே ஒரு காலைதான்.

புன்சோ யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்து போனார்.

கோயில் முற்றத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். நான் வறுத்த தேயிலை போட்ட டீயை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்தேன்.

"பதினஞ்சு வருஷமா உடுத்தறவருக்கு இது தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கட்டுனேன்."

டீயை அவர் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"போர் சமயத்துல ஒசாக்கால குண்டு போட்டப்ப நான் சிப்பாயா தெக்க ஒரு தீவுல இருந்தேன். திரும்பி வந்தா வீடும் இல்ல, தெருவும் இல்ல. பக்கத்து வீட்டுத் தச்சர் மட்டும் இருந்தாரு. செத்தவங்களப் பள்ளிக்கூட மைதானத்துல வரிசையா போட்டாங்களாம். சொந்தக்காரங்க வந்து அவங்கவங்க ஆளத் தேடி எடுத்துட்டுப் போனாங்களாம். தச்சரும் போயி அவரு பொண்டாட்டிய எடுத்தாரு. எம் பொண்டாட்டியையும் பொண்ணையும் பாத்தாராம். 'கைவண்டில எடமில்ல புன்சோ, மன்னிச்சுக்க'ன்னு எங்கிட்ட தலை தரையில படக் கும்பிட்டாரு. அவரச் சொல்லி என்ன? எடுக்க ஆளில்லாம மிஞ்சினவங்க எல்லாத்தையும் சேத்து எரிச்சுட்டாங்க."

நான் நெருப்பில் ஒரு சுள்ளியைப் போட்டேன்.

"போர்க்காலத்துல பொம்பளைங்க வேலைக்குப் போடற கால்சட்டையோடவே அவங்கள எரிச்சிருக்காங்க. வெள்ளத் துணி இல்ல, மடிப்ப மாத்திக் கட்ட ஒரு கை இல்ல. திரும்பி வந்தப்ப எங்கிட்ட சொன்னது என்ன தெரியுமா? ஒங்க வீட்டுக்காரங்களும் நாட்டுக்காக வீரமா செத்தவங்கதான்னு. நகராட்சி ஆபீஸ்ல ஒருத்தர் எந்திரிச்சு நின்னு சொன்னாரு." டீயைக் கீழே வைத்தார். "ஒரு தடவ அவளுக்குப் பதிலா நான் அப்படிக் கட்டிக்கிட்டு, எடுக்க யாரும் வராமக் கெடந்து பாக்கலாம்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"கொட்டகைல பாக்கறவங்க சிரிப்பாங்களே. வலது மேல இருக்குன்னு கொழந்தகூடச் சொல்லும். அந்த எடத்தையே வெட்டித் தூக்கிப் போட்டுருவாங்க."

"தெரியும்."

"வேலையும் எனக்குத்தான் போகும்."

"அதுவும் தெரியும். அதான் நீ பாக்காதப்ப கட்டுனேன். நீ பாக்கவே இல்லன்னு சொல்லிருப்பேன்." நெருப்பை ஒரு குச்சியால் கிளறிவிட்டு, "நாளைக்கு ஒழுங்கா கட்டிக்கறேன். நீ கவலப்படாத," என்றார்.

தன் அறையில் ஒரு பொருளை இடம் மாற்றி வைப்பதைப் பற்றிச் சொல்வதுபோல அதைச் சொன்னார். அப்படிச் சொன்னதுதான் என்னை என்னவோ செய்தது.

மறுநாள் காலை பனி இன்னும் கெட்டியாக வந்திருந்தது. நான் புன்சோவைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டேன். உடம்போடு ஒட்டி உள்ளே போடுகிற வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று உண்டு, அதன் கழுத்தை இறக்கித் தைத்துவிட்டால் வெளியே தெரியாது. அன்று விடிவதற்கு முன்பே எழுந்து இறக்கித் தைத்திருந்தேன். அதை அவருக்குப் போட்டுவிட்டு, வலது மடிப்பை மேலே கொண்டுவந்து மூடினேன். அவர் குனிந்து பார்த்தார். அதற்குமேல் நடுவில் போடுகிற சட்டையையும் கிமோனோவையும் உயிருள்ளவர்களுக்குக் கட்டுகிறபடி இடதை மேலே போட்டுக் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டேன்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல," என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். போவதற்கு முன் உள்ளங்கையை நெஞ்சுமேல் ஒரு தடவை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

விசில். நடந்தோம். எனக்கு முன்னால் போன விக் கட்டுகிற பெண் ஒருவனைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருத்தி கதவுப் பலகையில் ஒருவனை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் புன்சோ கிடந்த இடத்துக்கு வந்தேன். குனிந்து முகத்தைப் பார்க்க வேண்டும், என் ஆள் இல்லை என்று நிமிர வேண்டும், போக வேண்டும். டைரக்டர் சொல்லிக்கொடுத்தது அதுதான். பார்த்தேன். நிமிர்ந்தேன். போனேன். கைவண்டியில் இடமில்லாத அந்தத் தச்சரை அப்போது நினைத்துக்கொண்டேன். என் கையோ காலி. இருந்தும் போனேன்.

இசோகிச்சியின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். அவன்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. இழுத்துக்கொண்டு பனியின் ஓரத்துக்குப் போனபின் திரும்பிப் பார்த்தேன். எல்லோரையும் எடுத்தாகிவிட்டது. வயலில் அவர் மட்டும்.

வில்லாக வளைந்து சாகிற மனிதர் அன்று அப்படிக் கிடக்கவில்லை. ஒரு கால் உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யாரோ நடந்து போகும்போது கையிலிருந்து நழுவி விழுந்ததைப் போல இருந்தார். இமையில் ஈரம் சேர்ந்து முத்தாக நின்றது, அவர் சிமிட்டவில்லை. ஹனாவா "கட்" சொல்லவே இல்லை. காமிராவில் பிலிம் தீர்ந்துபோய் அது சடசடவென்று அடித்துக்கொண்டபோதுதான் எல்லோரும் மூச்சுவிட்டோம்.

வெட்டிய கட்சுராகி ஊரில் இல்லை. தூக்கிவிட ஆள் இல்லை. மற்றவர்கள் நெருப்பைப் பார்க்க ஓடினார்கள், அப்படிக் குளிர். நான் வயலுக்குள் போனேன். கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"போயிட்டாங்க. நான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு என் கையைப் பிடித்து எழுந்தார். கை மீன் மாதிரிச் சில்லென்று இருந்தது. முழங்காலில் ஒட்டியிருந்த நெல்தாளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "என்னத் தாண்டி நிக்காமப் போனியே, அது போதும், கினு," என்றார். என்ன போதும் என்று நான் கேட்கவில்லை. கையை விட்டுவிட்டார். கோயில் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

படம் ஓடவில்லை. கட்சுராகி தடுக்கி விழுந்த இடத்தில் கொட்டகையில் சிரித்தார்கள், அவர் ரசிகைகள் பாதியில் எழுந்து போனார்கள். நான் ஒரு புதன்கிழமை மதியம் போனேன். உள்ளே உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு வரிசை முன்னால் புன்சோ. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அந்தக் கடைசிக் காட்சி வந்தது. திரை முழுக்க அவர் முகம், அதற்குக் கீழே இருட்டில் அவருடைய பின்தலை. படம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் எழ ஆரம்பித்தார்கள். ஒருவர் புன்சோவிடம், "கொஞ்சம் கால எடுங்க, போகணும்," என்றார். அவர் காலை மடக்கி வழிவிட்டார். போனவர் திரையையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இரண்டே வரிசை. அது அவர் மனைவியோடு இருக்கிற நேரம் என்று தோன்றியது. விளக்குப் போடுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. ஸ்டூடியோவில் செட்டெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், வெட்டுப்படுகிறவர்களை முதலில் நிறுத்தினார்கள். புன்சோ வேலையை விட்டுப் போன அன்று எனக்கு லீவு. மறுநாள் தையல் மேஜையில் பாதிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருந்தது, ஆறிப்போய். ஒசாக்காவில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறார் என்று ஒருவர் சொன்னார். தெற்கே கியூஷூ தீவுக்குப் போய்விட்டார் என்று இன்னொருவர். இசோகிச்சி பின்னாளில் உடோன் கடை போட்டான், அவனுக்கும் தெரியவில்லை. "அவரு அழகா சாவறவரு அக்கா, எங்கயாவது அழகா இருப்பாரு," என்றான். வாயாடி.

இத்தனை வருடத்துக்கு அவர் உயிரோடு இருக்க வழியில்லை. யார் போய் எடுத்தார்கள், யார் வெள்ளைத் துணி போட்டார்கள், வலது மடிப்பை மேலே மாற்றிக் கட்ட ஒரு கை இருந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் யாருக்காவது புன்சோ என்ற பெயரில் ஒருவரைத் தெரிந்திருந்தால், உயரமானவர், இடது புருவத்தில் ஒரு தழும்பு, எனக்கு எழுதுங்கள். தெரியாவிட்டாலும் எழுதுங்கள். எடுக்கப் போக முடியாமல் நீங்கள் விட்டுவிட்ட ஒருவர் இருந்தால், அவர் பெயர் என்ன, எப்படி இருப்பார் என்று சொல்லுங்கள், நான் உட்கார்ந்து படிக்கிறேன். கண் மங்கல் என்றேனே, எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.